மாடல் காருக்கு அசல் நிறம் வர எந்த ஏர்பிரஷ் பெயிண்ட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாலைந்து தமிழ்க்காரர்கள் கூடுவோம். 1/24 அளவு (நிஜக் காரின் நீளத்தில் 24-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் கார் கிட்டுகளை ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தில் பெயிண்ட் பீய்ச்சும் பேனா போன்ற கருவி) பெயிண்ட் அடிப்பதுதான் வேலை. புதிதாக வருகிறவர்கள் கேட்பதில் முக்கால்வாசி நிறத்தைப் பற்றித்தான். கட்டி முடித்த கார் அச்சு அசலாக இருக்கும், நிறம் மட்டும் பொம்மை போல நிற்கும். அந்த ஏமாற்றத்தோடு வருகிறவர்களுக்கு வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

டப்பாவில் ‘இத்தாலியன் ரெட்’ என்று போட்டிருக்கிறது. ஃபெராரிக்கு அதையே அடித்தால் சரியாக வந்துவிடுமா?

டப்பாவில் இருப்பது நிறத்தில் பாதிதான். மீதிப் பாதி அதற்குக் கீழே என்ன அடித்தீர்கள், எத்தனை கோட் (பூச்சு) அடித்தீர்கள், மேலே எந்தக் கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) போட்டீர்கள் என்பதில் இருக்கிறது. ஜப்பானிய மாடல் நிறுவனமான டமியாவின் டிஎஸ்-8 இத்தாலியன் ரெட்டை வெள்ளைப் பிரைமர் (அடிப்பூச்சு) மேல் அடித்தால் ஒரு சிவப்பு. இளஞ்சிவப்புப் பிரைமர் மேல் அடித்தால் வெதுவெதுப்பான இன்னொரு சிவப்பு. சாம்பல் பிரைமர் மேல் அடித்தால் ரத்தம் உறைந்தாற்போல இருண்ட மூன்றாவது சிவப்பு. மூன்றும் ஒரே டப்பா.

அசல் பக்கமும் சிக்கல் இருக்கிறது. ஃபெராரியின் ‘ரோஸோ கோர்ஸா’ ஒரே நிறம் என்று நாம் நினைக்கிறோம். அந்தப் பெயரிலேயே 300, 322 என்று வெவ்வேறு எண் கொண்ட கலவைகளை அந்த நிறுவனம் வெவ்வேறு காலங்களில் பயன்படுத்தியிருக்கிறது. எண்பதுகளின் காருக்கும் இன்றைய காருக்கும் ஒரே சிவப்பைத் தேடக் கூடாது. ‘பிரிட்டிஷ் ரேஸிங் கிரீன்’ என்ற பெயருக்குள் ஒரு பச்சைக் கூட்டமே இருக்கிறது. அங்கே எந்தக் கார், எந்த அணி, எந்த ஆண்டு என்று கேட்காமல் பெயிண்ட் வாங்கவே கூடாது.

அப்படியானால் சரியான நிறம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள். ஒவ்வொரு காருக்கும் பெயிண்ட் கோடு (code), அதாவது நிறத்துக்கான குறியீட்டு எண், உண்டு. பேனட்டுக்கு அடியிலோ டிரைவர் கதவுத் தூணிலோ உள்ள சின்னத் தகட்டில் பார்க்கலாம். மாருதியின் ‘சில்க்கி சில்வர்’ இசட்2எஸ், ‘சுப்பீரியர் ஒயிட்’ 26யூ. நிஸான் ஸ்கைலைன் ஆர்34 ஜிடி-ஆரின் பேசைட் ப்ளூ டிவி2. சுபாருவின் டபிள்யூஆர் ப்ளூ மைக்கா 02சி. கோடு கையில் இருந்தால் என்ன தேட வேண்டும் என்பது தெளிவு.

வெள்ளைக்கு இது இன்னும் முக்கியம். வெள்ளைதானே என்று அசட்டையாக வெளுப்பான வெள்ளையை அடித்துக் கெடுத்த ஹோண்டா கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹோண்டாவின் ‘சாம்பியன்ஷிப் ஒயிட்’ என்எச்-0, தந்தம் போல மஞ்சள் ஓடிய வெள்ளை. 1965 மெக்சிகோ கிராண்ட் பிரீயில் ஹோண்டாவுக்கு முதல் ஃபார்முலா ஒன் வெற்றியைத் தந்த ஆர்ஏ272 காரின் நிறத்தை நினைவுகூர்வது அது. அதற்கு டமியாவின் டிஎஸ்-7 ரேஸிங் ஒயிட் நெருக்கமாக வரும். பியூர் ஒயிட்டை எடுத்தால் ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கும்.

இணையத்தில் உள்ள போட்டோவை மட்டும் நம்பாதீர்கள். கேமராவின் ஒயிட் பேலன்ஸ், மாலை வெயில், உங்கள் போனின் திரை மூன்றும் சேர்ந்து நிறத்தைக் கெடுத்துவைத்திருக்கும். அந்தக் கார் நம் ஊர்ச் சாலையில் ஓடுகிறது என்றால், நேரில் போய் மேகமூட்டமான பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பெங்களூரில் அதற்குப் பஞ்சமில்லை.

லாக்கர், அக்ரிலிக், எனாமல்: காருக்கு எதை வாங்குவது?

பாடிக்கு லாக்கர். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. டமியா எல்பி வரிசை, டிஎஸ் ஸ்ப்ரே டப்பா, ஜிஎஸ்ஐ கிரியோஸின் மிஸ்டர் கலர் எல்லாம் இந்த வகை. கார் என்றாலே வழுவழுப்பு. லாக்கர் மெல்லிசாகப் படியும், சீக்கிரம் காயும், முந்தைய கோட்டைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடும். காய்ந்த பிறகு 2000, 3000 எண் உப்புத்தாளால் தேய்த்து பாலிஷ் போட்டால் தாங்கும். நாற்றம் அதிகம், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

டமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் பாட்டில்கள் அக்ரிலிக் என்றாலும் தண்ணீர் பெயிண்ட் போல இல்லை, ஆல்கஹால் வகை. எக்ஸ்-20ஏ தின்னரிலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலோ கரைத்து அடித்தால் ஏர்பிரஷில் நன்றாகப் போகும். டேஷ்போர்டு, சீட், சேஸிஸ் எல்லாவற்றுக்கும் நான் இதைத்தான் எடுப்பேன். வல்லேஜோ மாடல் ஏர் முழுக்கத் தண்ணீர் வகை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் நாற்றமில்லாமல் அடிக்கலாம், அது பெரிய நன்மைதான். ஆனால் ரப்பர் தோல் போலக் காய்வதால் உப்புத்தாள் போட்டால் சுருண்டு உரியும். மார்ச், ஏப்ரல் மாத வறண்ட மதியங்களில் ஊசி முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

எனாமலை நான் பாடிக்குத் தொடுவதில்லை, காய நாள்கணக்கில் ஆகும். கதவு இடுக்கில் கறுப்புக் கோடு ஓடவிட மட்டும் நல்லது.

மேலே மேலே போடும் வரிசையையும் மனதில் வையுங்கள். லாக்கர் மேல் அக்ரிலிக்கோ எனாமலோ அடிக்கலாம். எனாமல் மேல் லாக்கர் அடித்தால் மேற்பரப்பு வறண்ட ஏரிக்கரை போல வெடித்துவிடும்.

கார் கோடுக்கு ஏற்றபடியே கலந்து விற்கும் மாடல் பெயிண்ட்டுகள் இருக்கின்றனவாமே?

இருக்கின்றன. பிரிட்டனின் ஜீரோ பெயிண்ட்ஸ், ஸ்பெயினின் கிராவிட்டி கலர்ஸ் இரண்டும் தெரிந்த பெயர்கள். அசல் கோடுக்குப் பொருத்திக் கலந்து, ஏர்பிரஷுக்கு ஏற்றபடி தின்னரும் சேர்த்தே தருகிறார்கள். காய்ந்தால் மங்கலாகத்தான் இருக்கும், மேலே கிளியர் கோட் கட்டாயம். தீப்பற்றும் திரவம் என்பதால் சாதாரணத் தபாலில் வராது. இங்கே யாராவது வரவழைத்து வைத்திருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அதற்காக ஒரு கிட்டை ஆண்டுக்கணக்கில் பெட்டியில் போட்டு வைக்க வேண்டியதில்லை, கையில் உள்ளதைக் கலந்தே நெருங்கிவிடலாம்.

ஜேசி ரோட்டில் நிஜக் கார் பெயிண்ட்டையே கோடு சொல்லிக் கலந்து வாங்கினால் என்ன? அதைவிட அசல் ஏது?

எல்லோரும் கேட்கும் கேள்வி. நானும் அப்படி நினைத்துத்தான் ஒருநாள் போனேன். கலந்து தருகிறவர் நம்மூர்க்காரர். “எந்த வண்டி சார், எந்த வருஷம்? பம்பருக்கா, டோருக்கா?” என்றார். சாண் நீளக் காருக்கு என்றதும் சற்று யோசித்துவிட்டு, அந்த ஒரே கோடுக்குள் சற்று நீலம் ஓடியது, சற்று இருண்டது என்று மூன்று நான்கு அட்டைகளை எடுத்துக் காட்டினார். தொழிற்சாலையில் ஒரே கோடு என்றாலும் பெயிண்ட் தொகுதிக்குத் தொகுதி நிறம் கொஞ்சம் நகரும். அதனால் பட்டறைக்காரர்கள் கிளை நிறங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இதை அன்றுதான் அறிந்துகொண்டேன். அசல் என்பதே ஒரு புள்ளி இல்லை, கொஞ்சம் அகலமான இடம். நம் மாடல் அந்த அகலத்துக்குள் விழுந்தால் போதும்.

வெள்ளை, கறுப்பு, மஞ்சள் போன்ற மினுக்கமில்லாத நிறங்களுக்கு ஜேசி ரோடு பெயிண்ட் அருமையாக வேலை செய்யும். 50 மில்லி கலந்து வாங்கினால் பல கார்களுக்கு வரும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். அதோடு தரும் தின்னர் இரும்புத் தகட்டுக்கானது, கிட்டின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். ஆகவே நல்ல லாக்கர் பிரைமரை முழுதாக மூடி அடித்து, ஒரு நாள் காயவிட்டு, அதன் மேல் தூசி போல மெல்லிய கோட்களாகத்தான் அடிக்க வேண்டும். முதல் கோட்டையே ஈரமாக அடித்தால் பாடியில் உள்ள நுணுக்கமெல்லாம் போய்விடும்.

மெட்டாலிக் நிறத்துக்கு மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். கார் பெயிண்ட்டில் உள்ள அலுமினியத் துகள் சுமார் 20 மைக்ரான் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/24 காரில் அது நிஜ அளவுக்கு 24 மடங்கு, கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் துகள் போலத் தெரியும். நிஜக் காரில் அரை மில்லிமீட்டர் ஜிகினா தூவினால் எப்படி இருக்கும்? அதுதான் மாடலிலும் நடக்கிறது. கோடு நூற்றுக்கு நூறு சரி, ஆனால் கார் திருவிழாத் தேர் மாதிரி மின்னும். எங்கள் குழுவில் ஒரு தம்பி இசட்2எஸ் சில்வரை அப்படி அடித்துவிட்டு, நிறம் சரியாக இருந்தும் கார் ஏன் சின்னதாகத் தெரிகிறது என்று ஒரு வாரம் குழம்பினான். காரணம் துகள்தான்.

மெட்டாலிக்குக்கு வேறு என்ன செய்வது?

மாடலுக்கென்று அரைத்த நுண்துகள் பெயிண்ட் வாங்குங்கள். சுபாரு 02சி-க்கு டமியாவின் டிஎஸ்-50 மைக்கா ப்ளூ. வெள்ளிக்கும் உலோக நிறங்களுக்கும் ஆல்க்ளாட் (மாடலுக்கான உலோக நிற லாக்கர்) அல்லது டமியா எல்பி வெள்ளிகள். தேடும் நிறம் நேராகக் கிடைக்காவிட்டால் நுண்துகள் வெள்ளியை முதலில் அடித்து, அதன் மேல் கிளியர் நீலமோ கிளியர் சிவப்போ கண்ணாடிக் காகிதம் போல ஏற்றிக்கொண்டே போகலாம். மஸ்டாவின் சோல் ரெட் கிரிஸ்டல் 46வி நிஜத்திலேயே இப்படித்தான்: கீழே ஒளியைத் திருப்பும் ஒரு கோட், மேலே ஒளி ஊடுருவும் சிவப்பு, அதன் மேல் கிளியர். பாட்டிலில் அந்தச் சிவப்பைத் தேடி அலைவதைவிட அந்த அடுக்கை நாமே கட்டுவது சரியான வழி.

இதில் கோட் எண்ணிக்கைதான் நிறம். ஒரு கோட் கூடினால் கருஞ்சிவப்பு. கதவு, பேனட், பம்பர் தனித்தனித் துண்டுகளாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே அமர்வில், ஒரே தூரத்தில், ஒரே எண்ணிக்கையில் அடியுங்கள். நாளைக்குப் பம்பரை மட்டும் அடித்தால் நிறம் பொருந்தவே பொருந்தாது.

டிஎஸ் ஸ்ப்ரே டப்பாவை ஏர்பிரஷில் ஊற்றி அடிக்கலாமா?

தாராளமாக. கண்ணாடி பாட்டிலுக்குள் உறிஞ்சுகுழல் வழியாக மெதுவாகப் பீய்ச்சுங்கள். வாயு கரைந்திருப்பதால் நுரைத்துப் பொங்கும். மூடியைத் தளர்வாக வைத்து, காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்பும் சாமி விளக்கும் இல்லாத பக்கம் ஒரு ராத்திரி விடுங்கள். இறுக்கி மூடினால் மூடி பறக்கும்.

பிரைமர் நிறம் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு மூன்றுக்கும் மிக முக்கியம். இந்த நிறமிகள் மறைக்கும் சக்தி குறைந்தவை. மஞ்சளைச் சாம்பல் மேல் அடித்தால் பச்சை ஓடும். எத்தனை கோட் ஏற்றினாலும் அந்தச் சோகை போகாது, பெயிண்ட் தடித்துக் கதவுக் கோடுகள் மூடிக்கொள்வதுதான் மிச்சம். வெள்ளையோ இளஞ்சிவப்போ அடித்துவிட்டால் மூன்று மெல்லிய கோட்டில் முடிந்துவிடும். மின்னும் உலோகத்துக்குக் கீழே பளபளக்கும் கறுப்பு. மற்றவற்றுக்கு மிஸ்டர் சர்ஃபேசர் 1500 சாம்பல் போதும்.

கிட்டின் பிளாஸ்டிக்கே சிவப்பாக இருந்து, நீங்கள் வெள்ளை அடிக்கப் போகிறீர்கள் என்றால் கவனம். லாக்கர் தின்னர் பிளாஸ்டிக்கின் சாயத்தை இழுத்து மேலே கொண்டுவரும். இரண்டு நாள் கழித்து வெள்ளைக் கார் ரோஸ் ஆகிவிடும். இடையில் ஒரு மெல்லிய வெள்ளிக் கோட் அடித்தால் சாயம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

ஜூலையில் அடித்தேன், கறுப்புக் கார் பால் ஊற்றியது போல வெளிறிவிட்டது. பெயிண்ட் கெட்டதா?

பெயிண்ட் நல்லதுதான், ஈரக்காற்று செய்த வேலை. லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் பனி போல இறங்கி பெயிண்ட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். ஜூன் முதல் அக்டோபர் வரை, சாயங்கால மழைக்கு முன்னும் பின்னும் பெங்களூரில் இது சகஜம். எனக்கும் ஒரு கறுப்பு போர்ஷே அப்படிப் போனது, வருத்தம் இன்னும் இருக்கிறது.

அந்த மாதங்களில் மெதுவாகக் காயும் தின்னர் பயன்படுத்துங்கள். மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் ரிட்டார்டர் (காய்வதைத் தாமதிக்கும் திரவம்) ஏற்கெனவே கலந்திருக்கிறது. கம்ப்ரஸர் குழாயில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி வேண்டும். ஏற்கெனவே வெளிறியிருந்தால் உடனே சுரண்டாதீர்கள். காற்று வறண்ட ஒரு நாளில் அதே தின்னரை மட்டும் தூசி போல அடித்துப் பாருங்கள், பல நேரம் ஈரம் வெளியேறி நிறம் திரும்பிவிடும்.

தின்னர் எவ்வளவு? காற்றழுத்தம் எவ்வளவு?

லாக்கருக்கு ஒரு பங்கு பெயிண்ட்டுக்கு ஒரு பங்கு முதல் இரண்டு பங்கு தின்னர் வரை. பாத்திரத்தின் ஓரத்தில் பால் போல வழிந்து இறங்க வேண்டும். 0.3 மில்லிமீட்டர் ஊசி, 15 முதல் 20 பிஎஸ்ஐ. எஸ்ஜேபி ரோட்டில் கிடைக்கும் என்சி தின்னர் ஏர்பிரஷ் கழுவ மட்டும், பெயிண்ட்டில் ஊற்ற அல்ல.

ராத்திரி விளக்கில் அச்சாகப் பொருந்திய நிறம், காலையில் வெயிலில் பொருந்தவில்லையே?

இரண்டு பெயிண்ட் வெவ்வேறு நிறமிகளால் ஒரே நிறத்தைக் காட்டலாம். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்தவை இன்னொன்றில் பிரிந்துவிடும். ஜவுளிக்கடையில் புடவையையும் ரவிக்கைத் துணியையும் எடுத்துக்கொண்டு அம்மா வாசலுக்குப் போய்ப் பார்ப்பார்களே, அதே காரணம்தான். நீலத்திலும் ஊதாவிலும் இது அதிகம் படுத்தும். மலிவான எல்இடி-யில் சிவப்பு சரியாகத் தெரியாது. நிறப் பொருத்த எண், அதாவது சிஆர்ஐ, 90-க்கு மேல் உள்ள பகல்வெளிச்ச விளக்கு ஒன்று மேசைக்கு வாங்குங்கள். இரண்டாவது ஏர்பிரஷுக்கு முன்னால் இதை வாங்கச் சொல்வேன். கார் கடைசியில் எந்த அலமாரியில் நிற்கப்போகிறதோ, அங்கேயும் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

சோதித்துப் பார்க்கப் பிளாஸ்டிக் ஸ்பூனில் அடிக்கச் சொல்கிறார்களே?

காரின் வளைவு போலவே ஸ்பூனுக்கும் வளைவு இருப்பதால் நல்ல வழி. ஆனால் 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் ஸ்பூன்களுக்கு நாடு முழுக்கத் தடை, அதைத் தேடிப் போகவும் வேண்டாம். கிட்டின் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் உள்ள அகலமான துண்டுகள், வீணாய்ப்போன பழைய பாடி, பாலிஸ்டைரீன் ஷீட் இவை போதும். ஒரு விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது: காரில் போடப்போகும் பிரைமர், கோட் எண்ணிக்கை, கிளியர் எல்லாவற்றையும் சோதனைத் துண்டிலும் அப்படியே போடுங்கள். கிளியர் இல்லாத துண்டைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள், கிளியர் போட்டதும் நிறம் ஆழமாகி ஒரு படி இருண்டுவிடும்.

அளவு சிறிது என்பதால் நிறத்தைச் சற்று வெளிறச் செய்ய வேண்டும் என்கிறார்களே?

விமானம், டாங்கி செய்கிறவர்கள் அப்படிச் செய்வார்கள்; தூரத்திலிருந்து பார்க்கும் பொருளின் நிறம் காற்றில் மங்கும் என்பது கணக்கு. காரை நாம் கிட்ட நின்றுதான் பார்க்கிறோம். நான் மிக இருண்ட நீலம், பச்சை, மெரூன் இவற்றில் மட்டும் சில சொட்டு வெள்ளையோ மஞ்சளோ சேர்ப்பேன். இல்லாவிட்டால் வீட்டு விளக்கில் கறுப்பாகவே தெரியும். மற்றவற்றில் கை வைப்பதில்லை.

பழைய கார்களுக்கும் கண்ணாடி போலக் கிளியர் போட வேண்டுமா?

வேண்டாம் என்பது என் கருத்து, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அறுபதுகளின் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்கோ நம் அம்பாசிடருக்கோ மேலே தனிக் கிளியர் கிடையாது, நிறத்திலேயே பளபளப்பு. அதன் மினுமினுப்பு மென்மையானது, வெண்ணெய் தடவியது போல. இன்றைய காரின் ஆழமான கண்ணாடிப் பளபளப்பை அதற்குக் கொடுத்தால் நிறக் கோடு சரியாக இருந்தும் காலம் தவறிவிடும். பீட்டிலின் எல்87, பெயர் ‘பேர்ல் ஒயிட்’. பெயரை நம்பி முத்துப்பொடி கலந்த பெயிண்ட் அடித்தவர்கள் உண்டு. அது மினுக்கமே இல்லாத சாதாரண ஆஃப் ஒயிட். இப்படிப்பட்ட காருக்குப் பளபளப்பு லாக்கரையே நாலு கோட் அடித்து, மெல்ல பாலிஷ் போட்டு நிறுத்திவிடுவேன்.

நிஜக் காரின் மொத்தப் பெயிண்ட் 100, 120 மைக்ரான்தான். 1/24-இல் அது 4, 5 மைக்ரான். நாம் அடிக்கும் ஒரு கோட்டே அதைவிடத் தடிமனாகிவிடும். ஆகவே குறைத்துப் போடும் ஒவ்வொரு கோட்டும் லாபம்.

டிங்கரிங் பட்டறையில் போடும் 2கே கிளியர் வீட்டில் அடிக்கலாமா?

அடுக்குமாடி வீட்டில் கூடவே கூடாது. 2கே என்றால் இரண்டு திரவம் கலந்து அடிப்பது; அதில் கெட்டியாக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. நுரையீரலை ஒவ்வாமைக்குப் பழக்கி ஆஸ்துமா வரவழைக்கும். ஒருமுறை அப்படியாகிவிட்டால் அப்புறம் சிறிதளவு பட்டாலே மூச்சு திணறும். தனிக்குழாயில் சுத்தக் காற்று தரும் முகமூடி இல்லாமல் தொடக் கூடாத பொருள். டமியா எல்பி-9 கிளியரோ மிஸ்டர் கலர் ஜிஎக்ஸ்100-ஓ போட்டு பாலிஷ் செய்தால் எல்லாக் காருக்கும் தாராளம்.

சாதாரண லாக்கருக்கும் ஆவி தடுக்கும் கரி கேட்ரிட்ஜ் உள்ள முகமூடி அவசியம். என்95 தூசியைத்தான் தடுக்கும், தின்னர் ஆவி அதற்குள் நேராகப் புகுந்துவிடும். ஜன்னலோரம், வெளியே தள்ளும் ஃபேன், பக்கத்தில் நெருப்பு இல்லாமை. குழந்தையோ கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் அந்தக் காலம் முழுக்க வல்லேஜோவுக்கு மாறுங்கள். பாலிஷ் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

கலந்த நிறம் மீண்டும் அதே போல வருவதில்லை. என்ன செய்வது?

சொட்டுக் கணக்கை விட்டுவிட்டு எடைக்கு மாறுங்கள். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு எஸ்பி ரோட்டில் கிடைக்கும். ஒவ்வொரு பெயிண்ட்டையும் நன்றாகக் கலக்கிய பிறகு நிறுத்து, எடையை எழுதுங்கள். நான் நோட்டில் எழுதித் தொலைத்த பிறகு, சேஸிஸின் உள்பக்கம் மெல்லிய மார்க்கரில் எழுதப் பழகினேன்: பிரைமர், கலவை எடை, கோட் எண்ணிக்கை, கிளியர், அடித்த மாதம். நாலு வருடத்துக்கு முன் செய்த ஸ்கைலைனின் பம்பர் போன மாதம் உடைந்தது. நாலு திருகைக் கழற்றி உள்ளே பார்த்து, அதே நீலத்தைக் கலந்து அடித்தேன். பக்கத்தில் வைத்தால் எது பழசு, எது புதுசு என்று எனக்கே தெரியவில்லை.